ரசவாளிக்காரர் வரும் படம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு மானத்தை வாங்க வேண்டாம். படத்தில் இல்லாத ஒரு நடிகரைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவே மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கேசட் அது. ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். பெண் மாறி, மாப்பிள்ளை மாறி, சமையல்காரர் மாறி, ஒரு பட்டாளமே நடித்த சிரிப்புப் படம். நடுவில் பந்தி நடக்கும்போது ரசவாளியோடு ஒருவர் வருவார். துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகம். எச்சில் இலையில் கால் வைத்து, வழுக்கி, கொட்டிய ரசத்திலேயே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பார். அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சில வருடம் கழித்து அதே படம் சிடியில் வந்தது. ஆசையாக வாங்கிப் போட்டேன். ரசவாளிக்காரர் இல்லை. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன், இல்லவே இல்லை. கனவு கண்டிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு என் மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவரைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இது. பாதி விசாரித்தது, பாதி நானே கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே கலந்துவிட்டது.

2

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி எடை போடும் சூசை சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தால் தராசு ஆடிவிடும் என்று பயந்தவர் போல அவர்

நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் கடைசியில் அவர் சிரிப்பார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். [அதைத்தான் மேலேயே உளறித் தொலைத்துவிட்டேனே.]

இரண்டாவது: "மழை மேகம் இறங்கி மலைக்கோட்டையே மறைந்துபோன ஒரு மத்தியானம்

திண்டுக்கல்லில் மழையை நம்பி யாரும் கதை தொடங்கக் கூடாது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஆரோக்கியதாஸ் என்பவர் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். விசேஷ வீடுகளுக்கு வீடியோவும் எடுப்பார். சூசையின் மகள் மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று கேமராவோடு போனவருக்கு, சாமியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டதில், கொண்டுபோன கேசட் கோயிலிலேயே தீர்ந்துபோனது. வீட்டில் பந்தி போட்டுவிட்டார்கள். யாரோ பாதி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த படக் கேசட் ஒன்று அவர் பையில் கிடந்தது. படக் கேசட்டின் விளிம்பில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதனால் அதன்மேல் எதுவும் பதிவாகாது. குழியில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டால் பதிவாகும். இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஒட்டினார், எடுத்தார், பிறகு வேறு கேசட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறந்துபோனார்.

கோயிலோடு முடிகிற கேசட் சூசை வீட்டுக்குப் போனது. மற்றது, சூசை ரசம் ஊற்றிய பந்தியோடு, ஊர் சுற்றப் போனது.

3

படத்திலும் பந்தி, பந்தலிலும் பந்தி. ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியவில்லை. அத்தனை தலைகள் வந்துபோகிற படத்தில் இன்னும் நாலு தலை வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

விசாரித்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஞானதாஸ், படம் முழுக்கக் குப்பை, அந்த ஒரு இடத்தில்தான் டைரக்டர் கலைஞனாகிறார், ஜோடனையே இல்லாமல் நடிக்க வைத்திருக்கிறார் என்று பத்து நிமிடம் பேசினார். சின்னாளபட்டியில் தறி போடும் அழகம்மாளுக்கு யார் யாரைக் கட்டினார்கள் என்பதே கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் ரசவாளி வரும்போது மட்டும் தறியிலிருந்து தன்னைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாளாம். வெங்காய வியாபாரி ஆண்டிச்சாமி ஒருவர்தான் கடைக்கே போய்ச் சண்டை போட்டவர். கல்யாண மண்டபத்துக்குள்ளே வேதக்கோயில் இயேசு சாமி படம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். சிரிப்புப் படத்தில் காரணம் தேடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரிலேயே சரியாகப் பார்த்தவர் அவர்தான் பாவம்.

இன்னொன்றும் இருக்கிறது. சூசை விழுந்ததும் உள்ளே அடுப்படியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்கும், முகம் தெரியாது:

"ரசத்தோட போன மனுசன் எங்க போனாரு?"

வீடே அதிரும். அந்த வசனம் ஊரில் பரவிவிட்டது. பஸ் வராவிட்டால் அதைச் சொன்னார்கள், மாப்பிள்ளை வீட்டார் தாமதித்தால் அதைச் சொன்னார்கள். கரண்ட் போனபோதெல்லாம் எங்கள் வீட்டில் நானும் சொல்லியிருக்கிறேன்.

4

அந்தக் குரல் சூசையின் மனைவி ஆனந்தமேரியுடையது. இவளைத்தான் எனக்கு எழுத வரவில்லை.

அடுத்த தவக்காலம் தொடங்குமுன் சூசை நெஞ்சுவலியில் போய்விட்டார். "ஆனந்தமேரி இடிந்துபோய்

வேண்டாம். எல்லோரும் எழுதுவதுதான்.

அதன் பிறகு ஒரு நாள் அவள் வெஞ்சனத்துக்குக் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். தேங்காய்க்காரர், டீ வாங்கப் போய்த் திரும்பாத தன் கூட்டாளியைத் தேடிக்கொண்டு, அவள் வசனத்தை அவள் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தன் அடுப்படியில் சொன்னது சந்தைக்கு எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, படத்தில் வருகிறது அக்கா என்றார்கள்.

அந்தப் படம் ஓடிய ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாதவர்களோடு தரையில் உட்கார்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவர் சிரித்து அவள் பார்த்தது கிடையாது. அன்றும் அவள் அடுப்படியில்தான் இருந்தாள்.

[முதலில், சிரிக்கிறவர்கள் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது என்று எழுதினேன். பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள் என்று மாற்றினேன். இரண்டையும் விட்டுவைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதான்.]

படம் முடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் அவள் கேட்டது இதுதான்: "அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா போடுவீகளா?"

அதற்குப் பிறகு அந்தக் கேசட் எந்த வீட்டுக்குப் போனாலும் அவளும் போனாள். நடப்பதெல்லாம் அவளுக்கு அரைத்தூக்கத்தில் நடப்பது போல இருந்ததாம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சூசையின் முகத்தில் வெள்ளைக் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. ஊர் சிரிக்கச் சிரிக்க அவர் தேய்ந்துகொண்டிருந்தார்.

5

கடைசிக் காட்சி ஆரோக்கியதாஸ் கடையில், மத்தியானம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஆனந்தமேரி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவர் கேசட்டை முழுதாக ஓட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நகல் எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கும் வாசகருக்கு: எடுத்தார். தேய்ந்த நாடாவிலிருந்து எடுத்ததால் முகம் சோப்புத் தண்ணீரில் கரைந்தது போல வந்தது. "இது அவுக இல்ல" என்றுவிட்டாள்.

"நாடாவ அந்த எடத்துல மட்டும் வெட்டி, தனிக் கேசட்டுல கோத்துத் தந்துடுறேன்க்கா" என்றார். கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது. "அப்புறம் யாரும் போட்டுத் தேய்க்க மாட்டாக."

"யாரும் சிரிக்கவும் மாட்டாகல்ல."

பிறகு அவளே கேட்டாள்: "விழுந்தவரு சிரிச்சுக்கிட்டே கைய நீட்டுறாரே தம்பி. யாரப் பாத்து நீட்டுறாரு?"

அவர் யோசித்தார். கேமரா எங்கே நின்றது, பந்தி எந்தப் பக்கம் போனது என்று கையாலேயே காற்றில் பந்தலைப் போட்டுப் பார்த்தார்.

"அடுப்படியப் பாத்துதான்க்கா."

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வெட்டி வாங்கிப் போகிறாள். போட்டுப் பார்க்க அவள் வீட்டில் டெக் கிடையாது, பீரோவில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் கேசட் பத்திரமாக இருக்கிறது. இன்னொன்றில், ஓடட்டும் தம்பி, ஊரே சிரிக்கட்டும், தேய்கிறவரைக்கும் தேயட்டும் என்று எழுந்து போகிறாள். மூன்றாவது நன்றாகவே வந்திருந்தது, அதனால் கிழித்துவிட்டேன்.

உண்மையில் என்ன செய்தாள் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். செம்பட்டியில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வழியாக பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இறங்கவில்லை.

அதனால் கத்தரிக்கோலை உங்களிடம் தருகிறேன். வெட்டுவதா விடுவதா என்று நீங்களே சொல்லுங்கள். அவசரம் வேண்டாம், இன்னொருக்கா போடச் சொல்லியிருக்கிறாள், நாடா சுற்றிக்கொண்டிருக்கிறது. இதோ வாளியோடு வருகிறார். வழுக்குகிறார். கோடுகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் கையை நீட்டுகிறார். யாரும் வந்து தூக்குவதற்குள் பதிவு முடிந்து, படத்தின் கல்யாணப் பெண் வந்துவிடுவாள். அதற்குச் சற்று முன்னால் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறது:

"ரசத்தோட போன மனுசன் எங்க போனாரு?"

கடையில் உட்கார்ந்திருக்கும் ஆனந்தமேரி வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.