கூப்பிட்டதாகச் சொன்னது

பவானியின் அக்கரையில் புழுதி தூணாக எழுந்து சுழன்றபோது எங்கள் களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து, சித்திரை மாதம். என் வீட்டுக்காரர் சத்தியமங்கலம் போயிருந்தார்.

"மாசாணி, மஞ்சளுக்குத் தார்ப்பாயப் போடு" என்று வாசற்படியிலிருந்து கத்தினேன். வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மாசாணியம்மாளும் அவள் மகள் கயல்விழியும் ஓடிவந்து மூடி, ஓரங்களில் கல் வைத்தார்கள். பிறகு எதிரே இருந்த தகரக் கொட்டகைக்குள் போய் நின்றார்கள். மழையோ வெயிலோ, அவர்கள் ஒதுங்குவது அங்கேதான். என் காங்கிரீட் வீட்டின் கதவு திறந்திருந்தது. எங்களிடம் வேலை செய்யும் காலனி ஆட்கள் யாரும் அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நாங்களும் வரச் சொன்னதில்லை. கயல்விழி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காற்று நெருங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் இருக்குமா, தெரியவில்லை. திறந்தபோது கொட்டகை இல்லை. தகரங்கள் வாய்க்காலுக்கு அப்பால் கிடந்தன. வாழைகளைத் துணி பிழிந்ததுபோல் காற்று முறுக்கிப் போட்டிருந்தது. கொட்டகையின் கல்தூண் சாய்ந்து, அதனடியில் கயல்விழி உயிரில்லாமல் கிடந்தாள். மாசாணி பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலனியில் ஒரு கூரை மிஞ்சவில்லை. ஊருக்குள்ளும் ஓடுகள் பறந்திருந்தன. மேலும் இரண்டு பேர் செத்திருந்தார்கள்.

"நீ அவங்களை உள்ளே கூப்பிடலையா?" என்று திரும்பி வந்த வீட்டுக்காரர் கேட்டார். வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். ஆகவே அந்தப் பொய்யை முதலில் தெலுங்கில் சொன்னேன். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. மறுநாள் விசாரிக்க வந்த மணியகாரரிடம் தமிழில் சொன்னேன். அப்புறம் அது ஊர் முழுக்கச் சொல்லப்பட்டது. நல்லவள், கூப்பிட்டிருக்கிறாள், விதி என்றார்கள். மஞ்சளுக்குக் கூப்பிட்டது மட்டும் எப்படிக் கேட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் என்னால் முடியவில்லை. மாசாணியிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். காலனிக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். வாசலில் எங்கள் காட்டுக்கு வேலைக்கு வரும் பாவாத்தாள் சோற்றுத் தட்டுடன் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அம்மணி. சர்க்கார் சாம்பாருங்க. பருப்பு எங்க கெடக்குதுன்னு தேடிக்கிட்டிருக்கறனுங்க."

"காத்து அதையும் தூக்கிட்டுப் போயிருக்கும், பேசாமத் தின்னு" என்றாள் உள்ளிருந்து ஒருத்தி. சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

மாசாணி பின்பக்கம் வேப்பமரத்தடியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். ஒரு எறும்பு வரிசை எங்கள் நடுவே போய் முடிந்தது.

"மாசாணி, அன்னிக்கு நான் கூப்பிடல."

"தெரியுமுங்க" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் வந்தேனோ என்னவோ.

"உள்ள போயரலாம்மா, கதவு தொறந்துதான கெடக்குதுன்னா கயலு. ஒரு எட்டு வெளிய வெச்சுப்போட்டா. நாந்தானுங்க கையப் புடிச்சு இழுத்து நிறுத்துனேன். அம்மணி என்ன நெனைப்பாங்கன்னு." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்க கூப்பிட்டிருந்தாலும் உட்டிருப்பனான்னு தெரியலீங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் தடுத்தாள்.

"அவ அப்பனுக்கு இது தெரியாதுங்க. தெரிஞ்சா என்னோட இருக்க மாட்டாரு. நீங்க கூப்பிட்டீங்க, காத்துல எங்களுக்குக் கேக்கலைன்னே இருக்கட்டுமுங்க. மாத்திச் சொல்லிப்போடாதீங்க."

மாசாணியின் புருஷன் காளிச்சாமி அந்நேரம் குடத்தில் தண்ணீருடன் வந்தார். இறக்கிவைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மணி, உள்ள வரச் சொல்லிக் கூப்பிட்டீங்களாமா. எத்தனை பேரு கூப்பிடுவாங்க? எம் பொண்ணுக்குத்தான் கேக்காமப் போச்சு." கும்பிட்டார். "எத்தனை தடவைங்க கூப்பிட்டீங்க?"

மாசாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை" என்றேன்.