பக்கத்து விரிப்பில் இருந்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மீனா காத்திருந்தாள் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். அவனியாபுரத்தைத் தாண்டி ரிங் ரோட்டை ஒட்டிய திடலில் பகல் முழுக்க இசைத் திருவிழா. பறை, நையாண்டி மேளம், கிடார் வாசிக்கிற கல்லூரிப் பையன்கள் எல்லாம் ஒரே மேடையில். விரிப்பைக் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து கேட்கலாம், குழந்தைகளையும் கூட்டி வரலாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். மூத்தவள் தியா பிறந்த பிறகு மீனா பாட்டுக் கேட்டதெல்லாம் குக்கர் விசிலுக்கு நடுவில்தான். கல்லூரியில் மேடையேறிப் பாடியவள் அவள் என்பதைக் கணவன் அருள்பாண்டியே பாதி மறந்திருந்தான்.

அன்று காலை தியாவைக் குளிப்பாட்டும்போது முதுகில் பொரி தெரிந்தது. நான்கு வயசுப் பிள்ளைக்கு மாசி வெயிலில் வேர்க்குரு வராமல் என்ன வரும்? ஆனால் வேர்க்குரு இப்படி நீர் கோத்துப் பளபளக்காது. சின்ன வயசில் அம்மை கண்டு வேப்பிலையில் படுத்துக் கிடந்தவள் மீனா. அவளுக்கு இது தெரியாதா? தெரியும். துண்டால் முதுகை ஒற்றி எடுத்துவிட்டுப் பவுடர் டப்பாவைத் தேடினாள்.

"பிள்ளைக்கு லேசா சுடுதே மீனா," என்றான் அருள்பாண்டி.

"வெயில்ல ஆடுனா சுடாம குளுருமா? வேர்க்குருதாங்க. பவுடர் போட்டா சரியாப் போயிரும்."

அவன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். பிள்ளைகள் உடம்பு விஷயத்தில் பெண்டாட்டி சொன்னால் சொன்னதுதான். சின்னவன் முகிலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான். மீனா தியாவுக்குக் காய்ச்சல் சிரப்பை ஊற்றிக் கொடுத்து முழுக்கை கவுனை மாட்டினாள். இந்த வெயிலில் எதற்கு முழுக்கை என்று யாராவது கேட்டால், கொசு என்று சொல்ல வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

திடலில் நல்ல கூட்டம். பந்தல் நிழலில் இடம் கிடைத்ததே பெரிசு. பக்கத்து விரிப்பில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறை வயிறு. வளைகாப்பு முடிந்த கை, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். தியாவுக்கு அது போதாதா? மேளச் சத்தத்துக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, நேரே போய் வளையலை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"இருக்கட்டும்க்கா, எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க பாட்டக் கேளுங்க," என்றாள் அந்தப் பெண். பெயர் சத்யப்ரியா, சோழவந்தான் பக்கம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாளாம். "உள்ள இருக்குறவுகளும் கேக்கட்டும்னுதான் வந்தோம்," என்று வயிற்றைத் தொட்டுச் சிரித்தாள். அவள் புருஷன் குடிக்க ஏதோ வாங்கப் போயிருந்தான்.

தியா அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் தட்டிலேயே புளியோதரை தின்றாள். அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தாளம் போட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். 'பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, எங்கிட்டக் குடுங்க' என்று ஒரு வார்த்தை. மீனாவின் வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பறை அதிர்ந்தது, கூட்டம் எழுந்தது, அருள்பாண்டி முகிலைத் தோளில் வைத்து ஆட ஆரம்பித்தான். மீனாவும் எழுந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு இரண்டு கையும் சும்மா இருந்தது! தொண்டை வற்றப் பாடினாள். பிள்ளையை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கிளம்பும்போது சத்யப்ரியா போன் நம்பர் வாங்கிக்கொண்டாள், போட்டோ அனுப்புவதற்காக.

மறுநாள் காலை தியாவின் முகம், கழுத்து, வயிறு எல்லாம் பொரித்துவிட்டது. அருள்பாண்டி பார்த்தான். போய் வேப்பங்குலை ஒடித்து வந்து வாசலில் செருகினான். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் கீழே வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தான்.

"அம்மா எறங்கியிருக்கா. தாளிக்காத. மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய யாருட்டயும் பேச்செடுக்காத," என்றான்.

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை அம்மை கண்ட வீட்டார் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாசல் வேப்பிலையைப் பார்த்து வருகிறவன் திரும்பிவிடுவான். தெருவுக்கு அது போதும். சோழவந்தானுக்கு யார் சொல்வது?

மீனா அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சொல்லி வைத்த மாதிரி போன் சிணுங்கியது. சத்யப்ரியா அனுப்பிய போட்டோ. அவள் மடியில் தியா, கன்னத்தோடு கன்னம். கீழே, 'குட்டி எப்படி இருக்கா அக்கா?' என்று ஒரு வரி.

'நல்லா இருக்கா' என்று மீனா பதில் போட்டாள். விரல் தானாகப் போட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யோசித்துத்தான் போட்டாள். போட்ட பிறகு அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

போனில் தேடிப் படித்தாள். வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு இது நல்லதில்லை; முன்பு வந்ததில்லை என்றால் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும், ரத்தம் பார்த்து ஊசி போடுவார்கள். நாள் கடத்தினால் ஊசிக்கும் பலன் குறைவு. அருள்பாண்டியிடம் காட்டினாள்.

"அந்தப் பிள்ளைக்குச் சின்னதுலயே வந்திருக்கும் மீனா. மாசமா இருக்கிறவள எதுக்குப் பயமுறுத்திக்கிட்டு?"

"வரலைன்னா?"

அவன் முகிலின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தான், இறக்கிவிட்டான். "நீ வேர்க்குருன்னுதானடி சொன்ன," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

மொட்டை மாடிக்குப் போய் சத்யப்ரியாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா! குட்டி பக்கத்துல இருக்காளா?"

"சத்யா, தியாவுக்கு அம்மை போட்டிருக்கு. சின்னம்மை. நீ இன்னைக்கே டாக்டரப் பாக்கணும். உனக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"



"தெரியலைக்கா. அம்மா இருந்தாக் கேக்கலாம். எங்க அம்மாதான் இல்லையே." பிறகு மெதுவாக, "இப்பத்தான நல்லா இருக்கான்னு போட்டீங்க?"

"பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"நேத்து உங்களுக்குத் தெரியாதுல்லக்கா?"

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பெண்ணும் நம்பத் தயாராக இருந்தாள். அவள் குரலே அப்படிக் கெஞ்சியது. பொரியைப் பார்த்தது மீனா ஒருத்திதான். சாட்சிக்கு வேறு ஆளில்லை.

"தெரியும்," என்றாள் மீனா. "காலைல குளிப்பாட்டும்போதே பாத்தேன். வேர்க்குருன்னு வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். வேர்க்குரு இல்லன்னு எனக்குத் தெரியும். பாட்டுக் கேக்கணும்னு ஆசை. அம்புட்டுத்தான் சத்யா, வேற காரணமே கிடையாது."

மீனாவே தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன். எங்கன்னு சொல்லு, ஆட்டோ புடிச்சு வந்துர்றேன்."

"நீங்க வராதீங்கக்கா."

சரிதானே. அம்மை வீட்டிலிருந்து எவளாவது ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவாளா? மன்னிப்புக் கேட்கக்கூட அவள் எதிரில் போய் நிற்க முடியாது.

சத்யப்ரியா போனை வைத்துவிட்டதாக நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. லைன் அறுபடவில்லை. "என்னங்க, வண்டிய எடுங்க," என்று புருஷனைக் கூப்பிடுவது கேட்டது. என்னாச்சு, என்னாச்சு என்று அவன் பதறினான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சொல்ல முடியாமல் அழுதாள். அந்த அழுகையைத் துண்டிக்கத் தனக்கு உரிமையில்லை என்று மீனாவுக்குத் தோன்றியது. போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.