அறுந்த செருப்பு கிடக்கும் இடம்

ஆடுகோடி வழியாகப் போகும் பழைய ஓசூர் ரோட்டை அகலமாக்கி, நடுவில் நெடுகச் சுவர் எழுப்பத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்காக 2002இல் பள்ளிக்கூட ஹாலில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பத்தொன்பது வருடமாக அந்த ரோட்டைப் பெருக்கும் தனக்கோடி எழுந்து நின்றாள்.

“ஜனங்க எங்க தாண்டுறாங்கன்னு பார்த்தீங்களா சார்?”

“சிக்னல்லதான்மா தாண்டணும்,” என்றார் என்ஜினீயர்.

“தாண்டணும்தான். ஆனா ஓடுறப்போ அறுந்த செருப்பெல்லாம் தினமும் மூணு இடத்துலதான் கிடக்குது. நான்தானே பெருக்குறேன்.”

அவர் வரைபடத்தை நீட்டினார். அவள் தயங்காமல் மூன்று இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மறுநாள் காலை அவரே நேரில் வந்து பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் சுவரில் வழிவிட ஒப்புக்கொண்டார்.

“மூணாவது?”

“அடுத்த மீட்டிங்ல பேசலாம்மா.”

“வர்றேன் சார்,” என்று சொல்லிவிட்டுப் பெருக்கத் தொடங்கினாள்.