சக்கரக்காரனுக்குக் காட்டிய குறுக்கு வழி

என் புருஷன் வில்ஃபுக்குப் பெருமையடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பசி, தூக்கம் எதுவும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து ஆட்டு வயல்கள் வழியே டவுனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைதான் அவருடைய பெருமை. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதைப் பராமரிக்கும் பொறுப்பைச் சம்பளமில்லாமல் தலையில் போட்டுக்கொண்டார். காஞ்சொறியை வெட்டுவார், வேலி தாண்டும் படிகளைச் சரிசெய்வார். வெள்ளம் அடித்துப்போன ஓடைப் பாலத்தை நாலு கிழடுகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பக் கட்டினார். வந்து பாருங்கள் என்று கவுன்சிலுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

போன ஜூனில் ஒருவன் வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம், பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை, உருட்டித் தூரம் அளக்கக் கோலில் பொருத்திய ஒற்றைச் சக்கரம்.

"கவுன்சில்லேர்ந்து வரேன் சார். இந்தப் பாதையை மதிப்பீடு செய்யணும்."

மதிப்பீடு! வில்ஃபின் காதில் அது பரிசு என்றே விழுந்தது. சிறந்த நடைபாதைக்கு எங்கோ ஒரு பலகை தயாராகிறது என்று நினைத்துவிட்டார். எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. பையனுக்கு இஞ்சி கேக்கும் தேநீரும் கொடுத்தேன்.

இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். பாதி வழியில் பையன் விவசாயி தாக்ரேயின் வயலைச் சுற்றிச் சக்கரத்தை உருட்டப் போயிருக்கிறான். இவர் விடுவாரா?

"அட, அது பழைய வழி தம்பி. தாக்ரேகிட்ட மல்லுக்கட்டி வேலியில நேரா ஒரு கதவு திறக்க வெச்சிருக்கேன். பொதுவழின்னே பதிவாயிடுச்சு. இப்படி வா!"

அதற்குப் பிறகு பாலத்தின் மேல் நின்று அந்தப் பையனையே படம் வேறு எடுக்கச் சொன்னார்.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பெண், ஜோடி என்று பெயர், எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஊர்க்கோடி முதியோர் இல்லத்தில் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவள். கார் கிடையாது, புருஷனும் இல்லை. அவள் மகள் கீலியைத்தான் கவுன்சில் வேன் தினமும் டவுன் பள்ளிக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகிற பிள்ளையென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

"வேனை நிறுத்துறாங்களாம். விதி மாறிடுச்சாம். நடக்கக்கூடிய வழி மூணு மைலுக்கு மேல இருந்தாத்தான் இனிமே வேனாம்."

"ரோட்டுல நாலு மைல் வருமே?" என்றேன்.

"வயல் வழியா மூணுக்குக் கொஞ்சம் கம்மியாம். ஏதோ ஒரு புதுக் கதவாம்."

வில்ஃப் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஜோடி அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு ஜோடியோடு நாங்களும் போனோம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் ஒரு தண்ணீர்க் கூஜா. வில்ஃப் எழுந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பாதையைக் கேவலப்படுத்திப் பேசினார். சேறு என்றார், இருட்டு என்றார், அந்தப் பாலத்தில் ஆடுகூடக் கால் வைக்காது என்றார். அவர் குரல் போன போக்கைக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை.

நடுவில் இருந்த அம்மாள் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இந்தப் பாலம்தானே? இதுல கட்டைவிரலைத் தூக்கிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவங்க யாராவது துணைக்குப் போனா நடக்கக்கூடிய வழிதான்னு விதி சொல்லுது" என்றாள் அவள்.

பெரியவர் வேறு யார்? வில்ஃப்தான் துணைக்குப் போனார். செப்டம்பர் முழுக்க இருவரும் வழியெல்லாம் கதையடித்துக்கொண்டு போனார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கீலி முழங்கால்வரை சேற்றோடு வகுப்பில் போய் உட்கார்வாள். கூடப் படிக்கிறவர்கள் 'பன்னிக்குட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். நவம்பரில் ஒரு காலை வில்ஃப் விளக்கோடு போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்து "நான் வரல" என்று கீலியின் குரல் மட்டும் கேட்டது. மறுநாளும் அதேதான். பள்ளியிலிருந்து ஜோடிக்கு எச்சரிக்கை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜோடி வேலையை விட்டாள். டவுனில் அக்கா வீட்டில் ஓர் அறை கிடைத்ததாம். பெட்டிகளை வண்டியில் ஏற்றியது வில்ஃப்தான், வேண்டாமென்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த கீலி கண்ணாடியை இறக்கினாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"வில்ஃப், அந்தச் சக்கரக்காரன் வந்த அன்னிக்கு உங்களுக்குக் கொஞ்சம் கால் வலிச்சிருக்கக் கூடாதா?"

"வலிச்சிருக்கலாம் கண்ணு" என்றார். வண்டி திரும்பிப் போன பிறகும் தெருவிலேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அரிவாள் கொட்டகையில் தொங்குகிறது. ஜோடி இருந்த வீட்டில் விடுமுறைக்கு யார் யாரோ வந்து தங்குகிறார்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கதவோரம் சாவிப் பெட்டி மாட்டியிருக்கிறது. போன வாரம் நான் மட்டும் நாயைக் கூட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்ப் பார்த்தேன். காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது, பாலத்தில் ஒரு பலகை இல்லை. வந்து சொன்னேன். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்ப வரட்டும் அந்தப் பையன்! பத்தடி உருட்ட முடியாது அவனால. நடக்கக்கூடிய வழியே இல்லன்னு எழுதிட்டுத்தான் போகணும். வேனைக் குடுத்துத்தானே ஆகணும்?"

"யாருக்கு வில்ஃப்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.