வலப்பக்கம் ஓடும் கோடுகள்

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கக்கா" என்றாள் சோதனைக்காரப் பெண். கழற்றி வைத்த ஜோடியில் வலது செருப்பு மட்டும் தேய்ந்து காகிதமாகியிருந்தது. குளிர்பான ஆலையில் இருபத்திரண்டு வருடம், வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் இடமிருந்து வலமாக ஓடும் பாட்டில்களில் தூசும் கீறலும் தேடியவள் அந்தச் செருப்புக்காரி. பாட்டில் போகிற பக்கமே உடம்பும் போகும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தராசக்கா. "எந்தத் தட்டுல எடை கூடிடுச்சு?" என்று கேட்பார்கள், அவளும் சிரித்து வைப்பாள். போன மாதம் ஓடுகிற பெல்ட் மேலேயே சரிந்து விழுந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சோதனையில் நேராக நின்றால் வேலை, சாய்ந்தால் வீடு என்று மேலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். வீடு என்றால், பேச ஆளில்லாமல் குக்கர் விசிலுக்கு "வரேன், வரேன்" என்று பதில் சொல்லும் வீடு.

காலுக்குக் கீழே எடைப் பலகை மாதிரி ஒன்று. மூன்று பக்கமும் திரை. அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள் வலப்பக்கம் ஓடத் தொடங்கின.

"தரை நகரலக்கா. கண்ணுதான் ஏமாத்துது."

"ஏமாத்தட்டும்மா. இத்தன வருஷமா கண்ணுக்குத்தானே சம்பளம் குடுத்தாங்க."

முதல் முறை தூணாக நின்றாள். இரண்டாம் முறையும் அப்படியே. தடித்த மூக்குக்கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கள்ளத்தனம்தான்.

"அக்கா, கண்ண மூடினா சேர்த்தியில்ல" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பரவால்ல, இந்த ஒரு தடவ ஒழுங்கா நின்னுடுங்க. நிக்கறாங்கன்னு எழுதிடறேன்."

"விழுந்துட்டா?"

"நான் பக்கத்துல நிக்கறேன்."

அந்தப் பெண் வலப்பக்கம் வந்து, இவள் முதுகுக்குப் பின்னால் தொடாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் நடக்கும்போது கணவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் வருவார். வேலை முடிந்து வருகிறவள் தன் மேல் சாய்வதை ஆசை என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன். பாட்டில்தான் காரணம் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. அவர் போய் மூன்று வருடம். அதன் பிறகு அவள் தோளில் பட்டதெல்லாம் கதவும் சுவரும் பஸ் கம்பியும்தான்.

கோடுகள் ஓடின. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். கால் கட்டைவிரலை அழுத்தி ஊன்றினால் நின்றுவிடலாம், அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஊன்றவில்லை. உடம்பை அதன் போக்கில் விட்டாள். கை வந்து முதுகைத் தாங்கியது. வெதுவெதுப்பான, சோப்பு மணக்கும் கை. வேலை போய்விட்டது என்பது புரிந்தது. அவள் அந்தப் பெண்ணின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நிறுத்திட்டேன்க்கா. பாருங்க, கோடெல்லாம் நின்னுடுச்சு. இனி நேரா நிக்கலாம்."

அவள் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையும் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றன.

"இல்லம்மா" என்றாள். "இன்னும் ஓடுது."