ரஷ்யன் தெரிந்த ஒரே வாய்

ரிக் வண்டியில் ராடு இறுகிக்கொண்டால் வேலுமணி யாரிடமும் யோசனை கேட்கமாட்டான். சம்மட்டியால் ஒன்று போடுவான். மரை இளகிக் கொடுக்கும். இருபது வருடமாகத் திருச்செங்கோட்டில் போர்வெல் ஓட்டியவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ரமேஷ்குமாரின் ஆபீசுக்குள் அன்று காலை நுழைந்தபோதும் அவன் கையில் அதே சம்மட்டிதான் இருந்தது.

மறு கையில் ஒரு நோட்டு. தம்பி ஜெகதீஸ்வரன் ரஷ்யாவிலிருந்து அனுப்பிய ஒப்பந்தத்தின் போட்டோவைச் செல்போன் மொழிபெயர்த்துக் காட்டியபோது அவன் நம்பவில்லை. மெஷின் உளறுகிறது என்று அகராதி வாங்கி, திருப்பிப் போட்டது போலிருந்த அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, அர்த்தத்தை அந்த நோட்டில் எழுதினான். பதினொரு நாள் ஆயிற்று. மெஷின் உளறவில்லை. டிரைவர் வேலைக்கென்று போனவன் பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"ஏண்டா, நீ அங்கயே ஆறு வருசம் படிச்சவன்தானே? தெரிஞ்சுதானே எந்தம்பிகிட்ட இதை நீட்டுன?"

"பொறுங்ணா! அந்தப் பட்டாளத்து ஆபீசர்கிட்ட நானே ரஷ்யன்ல பேசறனுங்க. சொன்னாக் கேப்பானுங்க..."

இந்த வாய்தானே தம்பியை ஏமாற்றியது! சம்மட்டி தாடையில் இறங்கியது. எலும்பு நொறுங்கி, பற்கள் மேசைமேல் சிதறின. விழுந்தவனின் விலாவில் மிதித்தான், மிதித்துக்கொண்டே இருந்தான். மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது போன் அடித்தது. தம்பிதான்.

"அண்ணா, எங்களச் சண்டைக்கு ஏத்திப்போக வண்டி வந்துருச்சுங்ணா. ஆபீசர் கால்ல உழுந்து கெஞ்சுனேன். ஏஜென்ட்டப் பேசச் சொல்லுன்னு சைகை காட்டித் தன்னோட போனக் குடுத்திருக்காரு. நான் வெறும் டிரைவர்னு அவன் சொல்லிட்டா எறக்கி உட்ருவாருங்ணா. அவன் நம்பர் எங்கிட்ட இல்லீங்ணா, அவனப் புடிங்ணா, சீக்கரம்!"

வேலுமணி ரமேஷ்குமாரின் தலையைத் தூக்கிப் போனை வாயருகே வைத்தான்.

"பேசு சாமி! உன் கால்ல உழறேன், பேசு!"

ரத்தம்தான் கொப்பளித்தது. மறுமுனையில் ஒரு கரகரத்த குரல் ரஷ்யனில் ஏதோ கேட்டது, மறுபடியும் கேட்டது. வேலுமணி நோட்டைப் புரட்டினான்.

"ப்ராத்... வதீதில்... தோம்..."

தம்பி. டிரைவர். வீடு. அதற்குமேல் அவனிடம் ரஷ்யன் இல்லை.

அங்கே யாரோ சிரித்தார்கள். வண்டி உறுமியது. தூரத்திலிருந்து தம்பி கத்தினான்: "ஏஜென்ட் எங்கீங்ணா?"

"இங்கதான் சாமி இருக்கான்," என்றான் வேலுமணி. அதற்குள் போன் கட்டாகிவிட்டிருந்தது.