முதலில் சொல்ல வேண்டியது

கிருஷாந்தி டெலிபோனைக் கையில் எடுத்தால் முதலில் மன்னிப்புத்தான் கேட்பாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சேர்" என்று சிங்களத்தில் தொடங்கி, நோயாளி எந்தத் தேயிலைத் தோட்டம், எப்போது வந்தார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள் மறுமுனையில் டொக்டருக்குப் பொறுமை போய்விடும். உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் அவள் பல வருடங்களாகத் தாதியாக வேலை செய்தாள். ஊசி போடுவதிலோ, செலைன் ஏற்றுவதிலோ, புண்ணுக்கு மருந்து கட்டுவதிலோ யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. டொக்டரைக் கூப்பிடுவது ஒன்றுதான் அவளுக்கு வராது.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு நாள், சண்முகவடிவு என்ற வயதான அம்மாளை இழுப்போடு பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். நெபுலைசர் வைத்தும் மூச்சு அடங்கவில்லை. கிருஷாந்தி டொக்டர் ஹேரத்தை அழைத்தாள். வழக்கம்போல மன்னிப்பு, தோட்டத்தின் பெயர், முந்தைய நாள் காய்ச்சல். வெளிநோயாளர் பிரிவில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். "இன்னொரு முறை நெபுலைஸ் பண்ணிப் பாருங்கள்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

இரண்டாவது தடவையும் நெபுலைஸ் பண்ணி முடித்த நேரத்தில்தான் ஜிப்ரியா என்ற தாதி அடுத்த ஷிஃப்ட் வேலைக்கு வந்தாள். நுவரெலியா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கிருஷாந்தியைவிட வயதிலும் வேலையிலும் இளையவள். நனைந்த குடையை மடித்து வைத்துவிட்டு நேரே அந்த அம்மாளின் கட்டிலுக்குப் போனாள். மூச்சை எண்ணினாள், உதட்டின் நிறத்தையும் ஒக்சிஜன் அளவையும் பார்த்தாள், திரும்பி வந்து டெலிபோனை எடுத்தாள்.

"சேர், பெண்கள் வார்டிலிருந்து ஜிப்ரியா. சண்முகவடிவுக்கு ஒக்சிஜன் எண்பத்தெட்டுதான் இருக்கிறது. இரண்டு தடவை நெபுலைஸ் பண்ணியும் ஏறவில்லை. ஆள் களைத்துப் போகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்."

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ரிசீவரையும் வைக்கவில்லை. மறுமுனையில் அவர் "வருகிறேன்" என்று சொன்ன பிறகுதான் வைத்தாள். சொன்னபடி வந்தார். மறுநாள் காலையில் சண்முகவடிவு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி போதாது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அதே நோயாளி, அதே டொக்டர், அதே டெலிபோன். கிருஷாந்திக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஜிப்ரியா கடையில் பல ஆட்களோடு பேசிப் பழகியவள், சிங்களம் தண்ணீர்போல வருகிறது, அதனால் முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள். தான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், துரைமாருக்கு முன்னால் தலை குனிந்து நின்ற குடும்பம், தனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்றும் நினைத்தாள். ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. ஜிப்ரியா டெலிபோன் பக்கம் போனாலே இவள் கையிலிருந்த வேலையை மெதுவாக்கிவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. டொக்டரை அழைக்கும் முன் ஜிப்ரியா ஒரு தடவையாவது நோயாளியிடம் போய் வருவாள். முன்பு எடுத்த அளவுகளை வைத்துப் பேசமாட்டாள். முதல் வாக்கியத்திலேயே ஆளையும் ஆபத்தையும் சொல்லிவிடுவாள். தனக்கு என்ன பயம் என்பதை மறைக்கமாட்டாள். கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்பாள். அவ்வளவுதான். அவளுடைய சிங்களமும் ஒன்றும் பெரிய சிங்களம் இல்லை. சில இடங்களில் கிருஷாந்தியே மனதுக்குள் திருத்திக்கொண்டாள்.

ஒரு நாள் இன்னொன்றையும் பார்த்தாள். மாற்றலாகி வந்திருந்த வேறொரு டொக்டர், சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுவதா என்று ஜிப்ரியாவிடம் டெலிபோனிலேயே சத்தம் போட்டார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை நடுங்கியது. "சரி சேர்" என்று வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியதும் அதே டொக்டரை அதே மாதிரி மறுபடி அழைத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கிருஷாந்திக்கு அந்த நடுங்கிய கைதான் நினைவில் இருந்தது. இவளுக்கும் பயம் இருக்கிறது. பயத்தோடுதான் பேசுகிறாள்.

கிருஷாந்தியின் கணவன் யோகேஸ்வரன் நானுஓயா ரயில் ஸ்டேஷனில் வாடகை வேன் ஓட்டுகிறவன். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுடும்போது அவள் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க இப்ப டொக்டருங்க. நான் கோல் எடுக்குறேன். உடனே வாரேன்னு சொல்லிறக் கூடாது."

"எனக்கு டொக்டர் வேலை குடுத்தா நல்லா பாப்பேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே ஒரு ரொட்டித் துண்டைக் காதில் வைத்தான். "ஆ, சொல்லுங்க. நான் பிசி."

"தொந்தரவுக்கு..." என்று தொடங்கி அவளே நிறுத்திவிட்டாள்.

"மறுபடி சொல்லு."

அவள் மறுபடி சொன்னாள். அவன் நாளைக்குப் பார்க்கலாம் என்றான், பெனடோல் கொடு என்றான், சாப்பிடுகிறேன் என்றான், ஒரு தடவை உண்மையாகவே ரொட்டியைக் கடித்தான். அவள் சிரித்துச் சிரித்து, பிறகு சிரிக்காமல் சொல்லப் பழகினாள். பல நாட்கள் இந்த விளையாட்டு நடந்தது.

தை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் தனுஜா என்ற பெண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. இரண்டாவது குழந்தை, ஆண். தாயும் பிள்ளையும் நன்றாகவே இருந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கிருஷாந்தி சுற்றிவந்தபோது தனுஜா ஒருபக்கம் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"கீழ அமுக்குற மாதிரி இருக்குங்க மிஸ்ஸி. கக்கூசுக்குப் போகணும் போல வருது, போனா ஒண்ணுமில்ல. தாங்க முடியல."

துணியைப் பார்த்தாள். இரத்தம் அதிகமில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கருப்பை இறுகித்தான் இருந்தது. பிரஷரும் பரவாயில்லை. நாடி மட்டும் நூற்றிருபதைத் தாண்டி ஓடியது. காலையில் எண்பத்து நான்கு இருந்தது. தனுஜாவின் உதடு வெளுத்திருந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாள்.

கிருஷாந்தி டெலிபோனை நோக்கி நடந்து, பாதி வழியில் நின்று, மறுபடி கட்டிலுக்கு வந்தாள். நாடியை இன்னொரு தடவை எண்ணினாள். கூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் போய் எண்களை அழுத்தினாள்.

"சேர், பிரசவ வார்டிலிருந்து கிருஷாந்தி. காலையில் பிள்ளை பெற்ற தனுஜாவுக்கு நாடி நூற்றிருபத்தெட்டு. வெளியே இரத்தம் குறைவு, ஆனால் கீழே கடுமையான வலி, முக்க வேண்டும் போல இருக்கிறதாம். ஆள் வெளுத்துப் போகிறார். உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வர வேண்டும்."

"பிரஷர்?" என்றார் டொக்டர் ஹேரத்.

"நூறுக்கு எழுபது."

"பிரஷர் இருக்கிறதே. தையல் போட்ட வலியாக இருக்கும். வலிக்கு மருந்து கொடுங்கள். இங்கே முடித்துவிட்டு வருகிறேன்."

வழக்கமாக அவள் "சரி சேர்" என்று வைத்துவிடும் இடம் அது.

"இல்லை சேர். மருந்து கொடுத்துக் காத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நாடி ஏறிக்கொண்டே போகிறது. நான் செலைன் ஏற்ற ஆயத்தம் செய்கிறேன். நீங்கள் இப்போது வந்து பாருங்கள்."

அவள் ரிசீவரை வைக்கவில்லை. வெளிநோயாளர் பிரிவில் யாரோ இருமுவது கேட்டது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"வருகிறேன்."

அவர் வந்து பரிசோதித்தார். உள்ளே தையலுக்கு மேலே இரத்தம் கட்டிப் பெரிதாக வீங்கியிருந்தது. பிறகு நின்று பேச யாருக்கும் நேரமில்லை. இரண்டு கையிலும் செலைன், ஒக்சிஜன், இரத்தம் ஆயத்தமாக வைக்கும்படி நுவரெலியாவுக்கு அழைப்பு, அம்புலன்ஸ். தனுஜாவின் புருஷன் வேலைத்தளத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தான். கிருஷாந்தி பிள்ளையைத் துவாயில் சுற்றி அவன் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றினாள்.

"பயமா இருக்குங்க மிஸ்ஸி" என்றான் அவன்.

"நேரத்தோடதான் அனுப்புறோம். அங்க ஆயத்தமா இருக்காங்க. பிள்ளைக்குக் குளிரு பிடிக்காமப் பாத்துக்குங்க."

வண்டி வளைவில் மறையும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பின்னேரம் ஜிப்ரியா வேலைக்கு வந்த சிறிது நேரத்தில் டெலிபோன் அடித்தது. கிருஷாந்தி டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிப்ரியாதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"தனுஜாவுக்கு ஒப்பரேஷன் முடிஞ்சிருச்சாம் அக்கா. இரத்தம் ஏத்துறாங்களாம். கண்ணு முழிச்சிப் பிள்ளையைக் கேட்டாளாம்."

கிருஷாந்தி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஜிப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுறீங்களா?"

"இல்ல. என்னன்னு தெரியல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ போன்ல பேசுறத இவ்வளவு நாளா பாத்துக்கிட்டே இருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு சொல்லா."

"என்னையா?" ஜிப்ரியாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "எனக்கு அந்த போன எடுக்கவே பயம் அக்கா."

"அதையும் பாத்தேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். வார்டுக்குள் வந்த டொக்டர் ஹேரத் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. செய்தி அவருக்கும் வந்திருந்தது. "நான் காத்திருக்கச் சொன்னதை நீங்கள் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று மிஸ்" என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "இனியும் அப்படிச் சொன்னால் கேட்க வேண்டாம்" என்றார்.

அன்று நுவரெலியாவில் பஸ் மாறியதும் கிருஷாந்திக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய நானுஓயாவைத் தாண்டி ரதல்லவில் கண்டக்டர் எழுப்பி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டபோதுதான் விழித்தாள். இறங்கி நின்று யோகேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"ரதல்லவில நிக்கிறேன். தூங்கிட்டேன். வேனைக் கொண்டுக்கிட்டு வாங்க."

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றாள். குளிர் காற்று முகத்தில் அடித்தது. அவளுக்கு நன்றாகப் பசித்தது.